பீட்டரும் முயலும்: ஒரு பயத்தின் நிகழ்வு ஆய்வு

தொட்டிலுக்குள் ஒரு சிறுவன் பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். வயது 2 ஆண்டு 10 மாதம். அவனுக்குப் பின்புறமாக, ஒரு தடுப்புக்கு அப்பாலிருந்து, வெள்ளை எலி ஒன்றைத் தொட்டிலுக்குள் விடுகிறார்கள். எலியைக் கண்டதும் அவன் அலறி, மல்லாக்க விழுகிறான். உடனே எலியை எடுத்துவிட்டு, அவனைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள்.

பிறகு பார்பரா என்ற இன்னொரு குழந்தையை அதே தொட்டிலில் விட்டு, அதே எலியைக் காட்டுகிறார்கள். அவள் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். சிறுவன் நாற்காலியில் இருந்தபடியே பார்க்கிறான். அவனுடைய மணிமாலை தொட்டிலில் கிடக்கிறது. எலி அந்த மாலையை உரசும்போதெல்லாம் "என் மணி" என்று குறைப்பட்டுக்கொள்கிறான். பார்பரா தொட்டால் ஒன்றும் சொல்வதில்லை. இறங்கி வா என்றால் தலையை ஆட்டி மறுக்கிறான். பழையபடி ஓடியாட அவனுக்கு 25 நிமிடங்கள் பிடித்தன.

இந்தச் சிறுவனைத்தான் உளவியல் உலகம் "பீட்டர்" என்ற பெயரில் அறிகிறது. குறிப்புகளை எழுதியவர் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். நியூயார்க்கில் அவர் நடத்திய இந்தச் சிகிச்சையின் அறிக்கை 1924இல் வெளிவந்தது. பயத்தை எப்படி நீக்கலாம் என்பதைப் படிப்படியாகக் கண்டு எழுதிவைத்த முதல் பதிவுகளில் இது ஒன்று. பாடநூல்களில் இது "முயலைக் காட்டி மிட்டாய் கொடுத்தார்கள், பயம் போயிற்று" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பயத்தோடு வருகிறவர்களிடம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். அந்த ஒரு வரி எனக்கு ஒருநாளும் போதவில்லை. முழு அறிக்கையையும் படித்தால் வேறு ஒரு பீட்டர் தெரிகிறான். அவனுடைய பயத்தின் வேர் எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே அவன் குணமடைந்தான். நடுவில் ஒருமுறை எல்லாம் கவிழ்ந்தும் போயிற்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஃபோபியாவைப் பற்றி, அதாவது ஒரு பொருள்மேல் அளவுமீறி ஒட்டிக்கொள்ளும் பயத்தைப் பற்றி, பேசுவது அரைகுறையாகவே இருக்கும்.

பீட்டருக்கு முன்பு

பீட்டருக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் உண்டு. முதல் குழந்தை வியன்னாவின் ஹான்ஸ். குதிரை கடித்துவிடும் என்ற பயத்தில் தெருவில் இறங்க மறுத்த ஐந்து வயதுப் பையன். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு 1909இல் அவனைப் பற்றி எழுதினார். சிகிச்சைக்காக ஃபிராய்டு அந்தப் பையனை நேரில் பார்த்துப் பேசியது ஒரே ஒரு முறைதான். மற்றதெல்லாம் அப்பா எழுதி அனுப்பிய குறிப்புகள். பையன் உள்ளூர அஞ்சியது தந்தையையே, அந்த அச்சம் இடம்மாறிக் குதிரையின்மேல் உட்கார்ந்துகொண்டது என்பது ஃபிராய்டின் முடிவு. வண்டியிழுத்துவந்த பெரிய குதிரை ஒன்று தெருவில் சரிந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டதை ஹான்ஸ் கண்ணால் பார்த்திருந்தான். அதுவும் அதே குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் குதிரை போதாதா, தந்தை எதற்கு என்று ஜோசப் வோல்பேயும் ஸ்டான்லி ராக்மனும் 1960இல் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

இரண்டாவது குழந்தை பால்டிமோரின் ஆல்பர்ட். உளவியலாளர் ஜான் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரோசலி ரேனரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது மாதத்தில் எலி, முயல், நாய் எதைக் கண்டும் மிரளாத குழந்தை அவன். பதினொரு மாதம் ஆனபோது, அவன் வெள்ளை எலியிடம் கை நீட்டும் நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். ஏழு முறை எலியும் சத்தமும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் எலியைக் காட்டினாலும் குழந்தை அழுதான். மேசையின் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும் வேகத்தில் தவழ்ந்து ஓடினான். சில நாட்களில் முயலும் நாயும் ரோமக் கோட்டும் அவனை அழவைத்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள்.

அந்தப் பயத்தை நீக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அவன் மருத்துவமனையைவிட்டுப் போகப்போகிறான் என்பது ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் அப்படிச் செய்தார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மேரி கவர் ஜோன்ஸுக்கு ரேனர் கல்லூரித் தோழி. நியூயார்க்கில் வாட்சன் ஆற்றிய உரை ஒன்றைக் கேட்ட ஜோன்ஸுக்கு ஒரு கேள்வி எழுந்தது: பயத்தைப் பழக்கித் தர முடியுமானால், பழக்கி எடுக்கவும் முடியுமா? வாட்சனின் ஆலோசனையோடு, ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவர் வேலையைத் தொடங்கினார். பீட்டரைக் கண்டபோது, ஆல்பர்ட்டே கொஞ்சம் வளர்ந்து வந்து நிற்பது போல அவருக்குத் தோன்றியது. ஒரு வித்தியாசம் இருந்தது. ஆல்பர்ட்டின் பயத்தைச் செய்த கம்பியும் சுத்தியலும் கண்முன் இருந்தன. பீட்டரின் பயமோ வீட்டில் விளைந்தது. என்ன நடந்து அது வந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

பயத்தின் எல்லைகளை அளப்பது

எலி நிகழ்ச்சிக்கு மறுநாள் ஜோன்ஸ் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. சிகிச்சைக்கு அவசரப்படவில்லை. பயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து பார்த்தார். தொட்டிலில் விட்டபோது பீட்டர் தயங்கவில்லை. ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டார்கள்; எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். ரோம விரிப்பை மாட்டினார்கள், எடுக்கும்வரை அழுதான். ரோமக் கோட்டுக்கும் அதே அழுகை. பஞ்சைக் கண்டு சிணுங்கி ஒதுங்கினான். இறகு வைத்த தொப்பிக்கு அழுதான். முரட்டுத் துணியில் தைத்த வெள்ளை முயல் பொம்மையும் மரப்பொம்மையும் அவனை ஒன்றும் செய்யவில்லை.

இதைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். வெள்ளை நிறம் அவனை மிரட்டவில்லை. அப்படியென்றால் பந்தும் மிரட்டியிருக்க வேண்டும். முயலின் உருவமும் மிரட்டவில்லை. மெத்தென்று, ரோமமாக, இறகாக இருப்பதுதான் மிரட்டியது. இன்றும் சிகிச்சையின் முதல் சந்திப்பில் நாங்கள் செய்வது இதைத்தான். "நாய் என்றால் பயம்" என்று ஒருவர் சொன்னால் அது போதாது. குரைப்பா, பாய்ச்சலா, பல்லா, நாக்கின் ஈரமா? கட்டியிருந்தாலுமா? அடுத்த தெருவில் சத்தம் கேட்டாலுமா? பயம் என்ற பெயரில் வரும் பெரிய பூதத்துக்குக் கை கால் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டாலே அது பாதி உயரமாகிவிடும்.

எலியைவிட முயலுக்கே பீட்டர் அதிகம் பயந்தான் என்று தெரிந்ததும், ஜோன்ஸ் முயலையே எடுத்துக்கொண்டார்.

முதல் சுற்று

மிட்டாய் முதலில் வரவில்லை. தோழர்கள்தாம் வந்தார்கள். முயலைக் கண்டு பயப்படாத மூன்று குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களோடு பீட்டரை நாள்தோறும் விளையாட விட்டார்கள். விளையாட்டின் ஒரு பகுதியில் முயலும் அறையில் இருக்கும். இடையிடையே பீட்டரைத் தனியாக அழைத்து, எவ்வளவு தூரம் தேறியிருக்கிறான் என்று பார்த்தார்கள்.

அந்தத் தேர்ச்சியை ஜோன்ஸ் பதினேழு படிகளாகக் குறித்துவைத்தார். கூண்டில் அடைத்த முயல் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் பயம் என்பது அடிப்படி. அதற்கு மேலே, கூண்டு 12 அடி தூரத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்வது. பிறகு 4 அடி, 3 அடி, பக்கத்தில். பிறகு முயல் அறையில் அவிழ்ந்து திரிவதைப் பொறுப்பது. வேறொருவர் பிடித்திருக்கும்போது தொடுவது. நடுவில் ஒரு படி வருகிறது: முயல்மேல் துப்புவது, பொருட்களை எறிவது, அதைப்போல நடித்துக் காட்டுவது. இதை ஒழுங்கீனம் என்று ஒதுக்காமல் முன்னேற்றம் என்று எழுதியதில் ஜோன்ஸின் கண் தெரிகிறது. ஓடி ஒளிந்தவன் திரும்பி நின்று முறைக்கிறான் அல்லவா? அது ஏற்றம்தான். அதற்கும் மேலே முயலின் பக்கத்தில் குந்தியிருப்பது, மடியில் வைத்துக்கொள்வது, முயலோடு அறையில் தனியே இருப்பது. உச்சிப்படி, தன் விரல்களை முயல் மெல்லக் கொறிக்க விடுவது.

தோழர்களைப் பார்த்துப் பார்த்தே ஏழு அமர்வுகளில் பீட்டர் நன்றாக ஏறிவந்தான்.

டாக்சி வாசலில் ஒரு நாய்

அப்போது அவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். குணமாகித் திரும்பும் நாளில், செவிலியும் அவனும் டாக்சியில் ஏறும் வேளையில், பெரிய நாய் ஒன்று அவர்கள்மேல் பாய்ந்தது. இருவருமே நடுங்கிப்போனார்கள். பீட்டர் டாக்சிக்குள் சோர்ந்து சாய்ந்துவிட்டான். சில நாள் ஓய்வுக்குப் பிறகு முயலைக் காட்டியபோது, பயம் தொடங்கிய இடத்துக்கே போயிருந்தது.

கடித்தது முயல் இல்லை. நாயும் கடிக்கவில்லை, பாய்ந்தது மட்டும்தான். ஆனாலும் முயல்பயம் முழுதாகத் திரும்பிவிட்டது. இந்த ஒரு பத்தியை விளங்கிக்கொள்ள உளவியலுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை. "முயல் ஆபத்து" என்று எழுதிய ஏட்டைக் கிழிக்காமல், அதன்மேல் "முயலால் ஒன்றும் ஆகாது" என்று புதிய ஏட்டை வைக்கிறது. புதிய ஏடு நைந்தால், புதிதாக ஓர் அதிர்ச்சி வந்தால், இடம் மாறினால், நாள்கள் கடந்தால், அடியிலிருக்கும் ஏடு தலைகாட்டும். மணியோசைக்கு எச்சில் ஊறுவதை மறக்கவைத்த நாய்களுக்கு, சற்று ஓய்வு கொடுத்ததும் எச்சில் மறுபடி ஊறியதை ரஷ்ய அறிஞர் பாவ்லவ் முன்பே கண்டிருந்தார். பயத்தைக் கற்றது எங்கும் செல்லும், அதை மறந்தது மறந்த இடத்தில் மட்டுமே செல்லும் என்று பின்னாளில் மார்க் பவுட்டனின் எலி ஆய்வுகள் காட்டின. மிஷேல் கிராஸ்க் போன்றவர்கள் இன்று சிகிச்சையைப் பல இடங்களில், பல நேரங்களில், பலவிதமான நாய்களோடும் சிலந்திகளோடும் செய்யச் சொல்வதன் காரணம் இதுதான்.

"நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன், மறுபடி வந்துவிட்டதே" என்று கண்கலங்கி வருகிறவர்களிடம் நான் பீட்டரின் டாக்சியைப் பற்றிச் சொல்வதுண்டு. பயம் திரும்பிவருவது அவர்களுடைய கோழைத்தனம் இல்லை; மனம் கற்கும் விதமே அப்படி. இரண்டாம் முறை ஏறும்போது படிகள் தெரிந்தவையாக இருக்கும்.

மிட்டாயும் முயலும்

இரண்டாம் சுற்றில்தான் உணவு வந்தது. பீட்டரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து அவனுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்தார்கள். அவன் தின்பது தடைபடாத தூரத்தில் முயல் கூண்டு. ஒவ்வொரு முறையும் சற்று அருகே. பிடித்த உணவின் இன்பமும் முயலும் சேர்ந்து சேர்ந்து வர, முயலின் நிறம் அவன் மனத்தில் மெல்ல மாறியது.

இது கத்திமேல் நடக்கும் வேலை. முயலை ஓரடி அதிகம் நெருக்கிவிட்டால், உணவு முயலை இனிமையாக்குவதற்குப் பதில், முயல் உணவைக் கசப்பாக்கிவிடும். கவனமில்லாமல் செய்தால் உணவைக் கண்டே குழந்தை மிரளலாம் என்று ஜோன்ஸே எச்சரித்திருக்கிறார். தூரத்தைத் தீர்மானித்தது ஜோன்ஸின் அவசரம் இல்லை. பீட்டரின் வாய் அசைகிறதா நிற்கிறதா என்பது. இந்த வழக்கில் நான் கற்றுக்கொண்டவற்றுள் இதையே முதலில் வைப்பேன். தண்ணீருக்குப் பயந்த பிள்ளையைக் கிணற்றில் தூக்கிப் போட்டால் நீச்சலும் வந்துவிடும், பயமும் போய்விடும் என்று நம் ஊர்ப்புறங்களில் இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு வந்திருக்கலாம். வராமல், வாழ்நாள் முழுவதும் குளத்தங்கரைப் பக்கமே போகாதவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

உணவு மட்டும் வேலை செய்யவில்லை என்பதற்கு அறிக்கையிலேயே சான்றுகள் இருக்கின்றன. ஒருநாள் பீட்டரும் லாரன்ஸ் என்ற பையனும் அடுத்தடுத்து உட்கார்ந்து மிட்டாய் தின்கிறார்கள். 12 அடி தூரத்தில் முயல் கூண்டு. பீட்டர் அழத் தொடங்குகிறான். லாரன்ஸோ "ஓ, முயல்!" என்று நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கி ஓடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்க்கிறான். பீட்டர் அவன் பின்னாலேயே போய் நின்று பார்க்கிறான். வாயிலிருந்த மிட்டாயால் முடியாததை லாரன்ஸின் கால்கள் செய்துவிட்டன. இன்னொரு நாள் முயலை நாற்காலித் தட்டுக்கு எதிரே கொண்டுவந்து உட்கார்ந்ததும் "எனக்கு வேண்டாம்" என்று பீட்டர் பின்வாங்குகிறான். முயலைப் பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவன் மடியில் அது இருப்பதைப் பார்த்ததும், தன் மடியிலும் வேண்டும் என்று கேட்டு, ஒரு கணம் வைத்துக்கொண்டான்.

அதோடு, டாக்டர் எஸ் என்று அறிக்கை குறிப்பிடும் ஓர் உதவியாளர். பீட்டருக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவரைத் தன் "அப்பா" என்றே சாதித்தான். அவர் முயலைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவர் அறையில் இருப்பதே அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கலாம் என்று ஜோன்ஸ் எழுதுகிறார். கட்டுப்பாடான சோதனை என்று பார்த்தால் இதெல்லாம் குழப்பம்தான்: உணவா, தோழனா, அன்பான ஆளா, எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சை என்று பார்த்தால், மூன்றும் ஒருசேர இருந்ததே அதன் அழகு.

ஏற்றம் நேராகவும் போகவில்லை. முயலைக் கூண்டுக்குக் கொண்டுபோக உதவும்போது லேசாக ஒரு கீறல் விழுந்தது. அவன் தேர்ச்சியைக் குறித்த வரைபடம் சட்டென்று சரிந்தது. ஆனால் விரைவிலேயே இழந்த இடத்தைப் பிடித்துவிட்டான். நாயின் பாய்ச்சலுக்குப் பிறகு அடிமட்டத்துக்கே போனவன், கீறலுக்குப் பிறகு தானே எழுந்து வந்தான். கடைசி அமர்வுகளில் ஒன்றில், முயலைக் கண்டு கலங்கிய வேறொரு பிள்ளை பக்கத்தில் இருந்தும் பீட்டர் கலங்கவில்லை.

வேர் எங்கே இருந்தது?

என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது "இது எனக்கு எதனால் வந்தது?" என்றுதான். பீட்டரிடம் அதைக் கேட்க முடியாது. மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை. அவன் பேசியதில் ஒரு வரி மட்டும் என்னைவிட்டு நீங்கவே இல்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய சில நாட்களில், ஆய்வறையில் இருக்கும்போது, திடீரென்று சொன்னான்: "மணிகள் என்னைக் கடிக்காது, மணிகள் என்னைப் பார்க்க மட்டும்தான் செய்யும்." எலி உரசிய அதே மணிமாலையை அவன் மறக்கவில்லை. கடிக்கும் பொருள், கடிக்காத பொருள் என்று உலகத்தை அவன் தனக்குத்தானே பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறான். பயத்தின் வேர் ஒருபுறம் இருக்கட்டும், பயத்தின் உள்ளடக்கம் அந்தச் சொற்களில் தெரிகிறது: கடிபடுவது.

வேரைப் பற்றி அறிஞர்கள் சொன்னவற்றில் எனக்கு உதவியாக இருப்பவற்றைச் சொல்கிறேன். ஓர் அதிர்ச்சியோடு சேர்ந்து வந்த பொருள் பயமாக மாறும் என்பது ஆல்பர்ட் காட்டியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. ஆனால் பயம் ஏன் பல ஆண்டுகள் நிலைக்கிறது? 1947இல் ஹோபார்ட் மவ்ரர் அதற்கு ஒரு விடை சொன்னார்: ஒதுங்கிப் போவதால். பயந்த பொருளைக் கண்டு விலகும் ஒவ்வொரு முறையும் மனம் இளைப்பாறுகிறது. அந்த இளைப்பாறல் விலகலுக்குக் கிடைக்கும் கூலி. கூலி கிடைத்த வேலையை மனம் மறுபடி செய்யும். அடுப்பு அணைந்து வருடம் பத்தானதைப் பூனை அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. வேர் எதுவாக இருந்தாலும், அதற்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது விலகல்தான்.

எல்லாப் பொருளும் சமமாகப் பயமாகிவிடுவதும் இல்லை. மின்கம்பியும் காரும் நம்மைக் கொல்லக்கூடியவை. பாம்பும் சிலந்தியும் உயரமும்தான் ஃபோபியாவாகின்றன. நம் இனத்தின் பழைய ஆபத்துகளுக்கு மனம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று மார்ட்டின் செலிக்மன் 1971இல் எழுதினார். 1989இல் மைக்கேல் குக்கும் சூசன் மினேகாவும் செய்த ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்பைப் பார்த்ததே இல்லை. வேறொரு குரங்கு பொம்மைப் பாம்பைக் கண்டு மிரளும் வீடியோவைப் பார்த்ததும் அவையும் மிரளக் கற்றன. அதே மிரட்சியைப் பூவைக் கண்டு மிரள்வதுபோல வெட்டி ஒட்டிக் காட்டியபோது பூவுக்குப் பயப்படவில்லை. பொம்மை முதலைக்குப் பயந்தன. பொம்மை முயலுக்குப் பயப்படவில்லை.

முயல்! குரங்குகளுக்கே வராத பயம் பீட்டருக்கு வந்திருக்கிறது. எனவே பழம்பெரும் ஆபத்துகளின் நினைவு என்று இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவன் வாழ்க்கையில் ஏதோ நடந்திருக்க வேண்டும், அல்லது யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கை இங்கே ஒரு ஜன்னலைத் திறக்கிறது. பீட்டரின் வீடு நெருக்கடியான பகுதியில் இருந்தது. தாய் எப்போதும் கலங்கிய நிலையில் இருந்தார். எவ்வளவு சுருக்கமாகப் பேசினாலும் கண்ணீர் இல்லாமல் பேச்சு முடியாது. பீட்டருக்கு மூத்த பெண் குழந்தை ஒன்று இறந்துபோயிருந்தது. பீட்டரை அடக்க அந்தத் தாய் கையாண்ட முறை பயமுறுத்துவது: "பீட்டர், உள்ளே வா, யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்."

இதைப் படித்த எந்தத் தமிழருக்கும் அந்தக் குரல் அந்நியமாக இருக்காது. பூச்சாண்டி பிடித்துக்கொள்வான், பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான், சாப்பிடாவிட்டால் போலீஸ்காரர் வருவார், ஊசி போடுவார்கள். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த தாய், மிஞ்சியவனை வாசலைத் தாண்ட விடாமல் கூவி அழைப்பதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கூவல் பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முயலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உலகம் பிடித்துக்கொண்டு போகக்கூடியது, கடிக்கக்கூடியது என்று மட்டும் நாள்தோறும் சொன்னார். அப்படி உழுது போட்ட நிலத்தில் எந்த விதை விழுந்து முளைத்தது என்பது தற்செயல். இது என் ஊகம். ஜோன்ஸ் இவ்வளவு தூரம் போகவில்லை.

இன்றைய சிகிச்சை அறையில்

பீட்டரின் அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில் ஜோன்ஸ் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையான சுமார் 70 குழந்தைகளிடம் பயத்தைப் போக்கப் பல வழிகளைச் சோதித்த ஆய்வு அது. பயப்படும் பொருளைக் கண்ணில் காட்டாமல் வைத்துப் பார்த்தார். காலம் தானாக ஆற்றவில்லை. பேசி விளக்கிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் வெட்கப்பட்டு விடுவார்களா என்று பார்த்தார். கவனத்தைத் திருப்பிப் பார்த்தார். ஐயத்துக்கு இடமில்லாமல் பலன் தந்தவை இரண்டே: பிடித்த ஒன்றோடு சேர்த்துப் பழக்குவது, பயப்படாத பிள்ளைகளோடு பழக விடுவது. "இதுக்கெல்லாமா பயப்படுவாய்?" என்ற கேலியால் ஒரு பயமும் போவதில்லை என்று 1924இலேயே தெரிந்திருந்தும், இன்றும் நம் வீடுகளில் முதலில் எடுக்கும் மருந்து அதுதான்.

1950களில் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே ஜோன்ஸின் வழியை மறுபடி கண்டெடுத்தார். மின்னதிர்ச்சியால் கூண்டுக்குப் பயந்த பூனைகளுக்கு, கூண்டிலிருந்து தொலைவில் தொடங்கிச் சிறிது சிறிதாக அருகே உணவு வைத்துத் தேற்றினார். மனிதர்களுக்கு உணவின் இடத்தில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி வந்தது. இப்படிப் பழக்கத்தின் வழியே பயத்தை மாற்றும் நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று ஜோன்ஸை அழைத்தவரும் வோல்பேதான். லாரன்ஸின் கால்கள் செய்த வேலையை 1969இல் ஆல்பர்ட் பண்டுராவின் குழு பாம்புக்குப் பயந்தவர்களிடம் செய்து பார்த்தது: மற்றொருவர் தொடுவதைப் பார்த்து, பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் தொட்டவர்களே அதிகம் தேறினார்கள். 1989இல் சுவீடனின் லார்ஸ்-ஜோரன் ஓஸ்ட் இதையெல்லாம் சேர்த்து, குறிப்பிட்ட ஒரு பொருள்மேல் உள்ள ஃபோபியாவை அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் சரிப்படுத்தலாம் என்று காட்டினார். பீட்டருக்குப் பல மாதம் பிடித்த ஏணி அது.

இரத்தம், ஊசி ஆகியவற்றைக் கண்டு மயங்கி விழுகிறவர்கள் மட்டும் தனி. மற்றப் பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு முதலில் ஏறிப் பிறகு சட்டென்று விழும். இவர்களைத் தளர்ந்து உட்காரச் சொன்னால் மயக்கம் இன்னும் விரைவாக வரும். கை கால் தசைகளை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை உயர்த்தக் கற்றுத்தருவதே இவர்களுக்கு ஓஸ்ட் வகுத்த வழி.

ஃபிராய்டை எதிர்முனையில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அது முழு நியாயம் இல்லை. ஃபோபியா உள்ளவர் தானாகப் பயத்தை விடும்வரை காத்திருந்தால் அது நடக்காது. அவரைத் தெருவில் இறங்கிப் பயத்தோடு மல்லுக்கட்டச் செய்தால்தான் பகுப்பாய்வே பயன்படும் என்று 1918இல் புடாபெஸ்ட் உரையில் அவரே சொன்னார். வேரைத் தோண்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவரும், முடிவில் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

பீட்டர் வீட்டுக்குப் போனான்

கடைசிச் சோதனையில் பஞ்சும் ரோமக் கோட்டும் இறகும் பீட்டரை ஒன்றும் செய்யவில்லை. பார்த்தான், தொட்டான், வேறு சுவையான ஒன்றைத் தேடித் திரும்பிக்கொண்டான். முயலின் பக்கத்தில் மட்டுமே நடந்த சிகிச்சை, யாரும் பழக்காத பொருட்களுக்கும் பரவியிருந்தது. எலியை அவன் கொஞ்சவில்லை. ஆனால் எலிகளோ தவளைகளோ அடைத்த சிறிய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினான். பின்னிப் பிணைந்து கிடந்த மண்புழுக் குவியலைப் புதிதாகக் காட்டியபோது முதலில் தயங்கினான். அமர்வு முடிவதற்குள் அதையும் கையில் எடுத்துத் திரிந்தான். முயலைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் எப்போதாவது ஒரு வரி: "எனக்கு முயல் பிடிக்கும்." அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அவனிடம் இருந்த சொற்கள் அவைதாம்.

ஒரே ஒரு குழந்தையைப் பற்றியது என்பதால் இந்த ஆய்வு முனைவர் பட்டத்துக்கு ஏற்கப்படவில்லை. ஜோன்ஸ் வேறு பொருளில் பட்டம் பெற்று, கலிபோர்னியாவுக்குப் போய், ஒரே குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பீட்டரைத் திரும்பிப் பார்த்தபோது, மூன்று வயதுப் பிள்ளையின் பயத்தை அவனுடைய வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே சிகிச்சை செய்வதோடு தம்மால் இப்போது நிறைவடைய முடியாது என்றார்.

அந்த வாழ்க்கைக்குத்தான் பீட்டர் திரும்பினான். நெருக்கடியான அதே பகுதி, கலங்கிய அதே தாய். கோடைக்காலத்தில் கிராமப்புறத்துக்கு அனுப்பவும் வாய்ப்பு இருந்தது, தகப்பன் விடவில்லை. ஜோன்ஸ் தொடர்பை விடாமல் அவனைப் பார்த்துவந்தார். முயல் கூண்டு ஆய்வறையிலேயே இருந்தது. வீட்டு வாசலில் "உள்ளே வா, யாரோ உன்னைத் திருடப் பார்க்கிறார்கள்" என்ற குரல் அவனுக்காகக் காத்திருந்தது.